இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பகடை: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கூட்டாகக் கதையை நகர்த்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை 1989இல் வந்த இரண்டாம் பதிப்போடு நிறுத்தியிருந்த நான், 2014இல் ஐந்தாம் பதிப்புக்காக வெளியான இந்தப் பெட்டியை, பழைய விதிகளை எல்லாம் மறந்துவிட்டேனே என்ற தயக்கத்துடன்தான் திறந்தேன். உள்ளே 32 பக்க விதிநூல், 64 பக்கக் கதைநூல், முன்கூட்டியே எழுதப்பட்ட ஐந்து பாத்திரத் தாள்கள், ஆறு பகடைகள்.

மறந்தது நல்லதாகவே போயிற்று. கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் என்ற அந்தக் காலத்துத் தலைகீழ்க் கணக்கு இப்போது இல்லை. இருபது முகப் பகடையை உருட்டி, தாளில் உள்ள எண்ணைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். சூழல் சாதகமாக இருந்தால் இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி, பழைய கூட்டல் கழித்தல் பட்டியல்களில் பலவற்றைத் தேவையற்றதாக்கிவிட்டது. ஆனால் பெட்டியில் இருபது முகப் பகடை ஒன்றே ஒன்றுதான். ஐந்து பேருக்கு நடுவே அது கைமாறிக்கொண்டே இருந்தது.

கதை, வழியை மறித்துக் கிடக்கும் இரண்டு குதிரைப் பிணங்களுடன் தொடங்குகிறது. புதரில் பதுங்கியிருக்கும் நான்கு கோப்ளின்களே (குட்டி அரக்கர்கள்) முதல் நிலைப் பாத்திரங்களைச் சாய்த்துவிடக்கூடும் என்பதால், ஆட்டத்தை நடத்துபவர் அங்கே சற்று இரக்கம் காட்ட வேண்டும். புதிய பாத்திரம் உருவாக்கும் விதிகள் இதில் இல்லை என்பது குறைதான். எனினும் நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர், அன்று மாலையே ஆடத் தொடங்கிவிடலாம்.