கிளார்ஜின் இன்சுலின் பென்: மருந்து அருமை, பென்தான் இன்னும் தேறணும்

அம்மா ரொம்ப வருஷமா என்பிஹெச் இன்சுலின்தான் போட்டுட்டு இருந்தாங்க, வெள்ளையா கலங்கலா இருக்குமே, உருட்டிட்டு போடுவாங்களே அது. டாக்டர் கிளார்ஜினுக்கு மாத்திவிட்டார். இதை எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

பெரிய வித்தியாசம் ராத்திரிலதான். என்பிஹெச் போட்டா சில மணி நேரத்துல ஒரு உச்சத்துக்கு போகும், படுக்கும்போது போட்டா அது நடுராத்திரில வந்து சுகர் சரசரன்னு இறங்கி, வேர்த்துக் கொட்டி கை நடுங்க எழுந்து உக்காருவாங்க. கிளார்ஜின்ல அந்த உச்சம் பெருசா இல்ல, கிட்டத்தட்ட 24 மணி நேரம் சீரா வேலை செய்யுது. லோ சுகர் வரவே வராதுன்னு சொல்லல, ஆனா அம்மாவுக்கு ராத்திரில நல்லாவே குறைஞ்சிருக்கு.

எப்படின்னு தேடிப் பாத்தா அசந்து போயிட்டேன். மனுஷ இன்சுலின்ல 51 அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டுற சின்னத் துண்டுங்க, சங்கிலியா கோத்திருக்கு. அதுல ஒண்ணை மாத்தி, ஒரு சங்கிலியோட நுனியில ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலம் ரெண்டு சேத்திருக்காங்க, அவ்வளவுதான். அதனால அமிலத்தன்மை உள்ள திரவத்துல தெளிவா கரைஞ்சு இருக்கு, தோலுக்கு அடியில போனதும் நுண்ணிய துகளா படிஞ்சு அப்புறம் மெதுவா கரைஞ்சு ரத்தத்துல கலக்குது. அந்த அமிலத்தன்மையாலயோ என்னவோ சில நாள் போட்ட இடம் சுரீர்னு எரியுதுங்கிறாங்க.

ஜீன் மாத்தி செஞ்ச மருந்தாமேன்னு சொந்தக்காரங்க சிலர் பயமுறுத்துறாங்க. ஈ கோலை பாக்டீரியாவுக்குள்ள இன்சுலின் ஜீனை வச்சு தொட்டியில வளர்த்து எடுக்கிறது உண்மைதான், ஆனா நமக்கு வர்றது சுத்திகரிச்ச புரதம் மட்டும்தான். அதுக்கு முன்னாடி பன்னி, மாடு கணையத்துல இருந்துதான் எடுத்தாங்க, சிலருக்கு அலர்ஜி வந்துச்சு. 1982ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மனுஷ இன்சுலின்தான் இந்த முறையில வந்த முதல் மருந்து. ஜீன் மாத்தின பிடி பருத்தியில, அதை மீறி புழு எதிர்ப்பு சக்தி வளர்த்துக்கிட்டது நிஜமான பிரச்சினை, அதைப் பேசணும், ஆனா அந்தக் கோபத்தை இன்சுலின் மேல காட்டி யாரும் ஊசியை நிறுத்திடாதீங்க ப்ளீஸ்.

இப்ப பென், அதாவது மருந்து உள்ளேயே இருக்கிற, பேனா மாதிரி ஊசிக் கருவி. டோஸ் ஏற ஏற பட்டன் வெளிய நீண்டுக்கிட்டே வருது, மூட்டு வலி இருக்கிற விரலால அழுத்தி, அப்படியே 10 செகண்ட் பிடிக்கிறது அம்மாவுக்கு கஷ்டமா இருக்கு, பாதி நாள் நான்தான் போட்டு விடுறேன். வயசானவங்க கைக்கு ஏத்த மாதிரி செய்யக் கூடாதா? ஒவ்வொரு தடவையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட் வெளிய விட்டு சொட்டு வருதான்னு பாத்துட்டு போடுங்க. திறக்காத பென்னை ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர் பக்கம் ஒட்டாம. உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்தது 28 நாள்தான்.

முக்கியமா ஒண்ணு, இதுவும் தண்ணி மாதிரி தெளிவு, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற வேக இன்சுலினும் தெளிவு. ரெண்டும் வச்சிருக்கிறவங்க ஒரே டப்பாவுல போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் லேபிளைப் படிச்சிட்டு குத்துங்க, ரெண்டையும் ஒரே சிரிஞ்சுல கலக்கவே கூடாது.