வயர்லெஸ் செட்டுக்கு ஜிபிஎஸ்: மாட்யூலா, மவுஸா, பிளாட்டரா?

டிஎஸ்சி (ஆபத்துச் செய்தியை டிஜிட்டலாக அனுப்பும் வசதி) உள்ள படகின் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டில் சிவப்புப் பட்டனை அழுத்திப் பிடித்தால், 70ஆம் சேனலில் படகை அடையாளம் காட்டும் எம்எம்எஸ்ஐ எண்ணும் படகு இருக்கும் இடமும் சேர்ந்து போகும். அந்த இடம் தானாகப் போக வேண்டுமானால் செட்டுக்குள் ஜிபிஎஸ் தரவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செட்டின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஜிபிஎஸ் உள்ளீட்டுக் கம்பிகளைச் சுருட்டி டேப் ஒட்டி விட்டுவிட்டால், உதவி கேட்கும் குரல் மட்டும் போகும், விலாசம் போகாது.

தரவு கொடுக்கக் குறைந்த செலவில் மூன்று வழிகள் உண்டு: சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நியோ-6எம் என்ற சிறிய ஜிபிஎஸ் மாட்யூல், ஆர்எஸ்-232 (பழைய கம்ப்யூட்டர் சீரியல் போர்ட் வகை) வயருடன் வரும் மவுஸ் வடிவ ஜிபிஎஸ், படகில் ஏற்கெனவே இருக்கும் பிளாட்டரின் (வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் கருவி) என்எம்இஏ (கடல் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) வெளியீடு. பிளாட்டர் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மவுஸ். மாட்யூல்தான் மிக மலிவு, ஆனால் அதிகம் சோதித்துப் பார்க்க வேண்டியதும் அதுவே.

செட் எதிர்பார்ப்பது என்எம்இஏ 0183: 4800 பாட் (நொடிக்கு 4800 பிட் வேகம்), 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். தரவு வரிவரியாக வரும். அதில் ஆர்எம்சி என்ற வரி வந்தால் இடம், நேரம், தேதி, வேகம் எல்லாம் கிடைத்துவிடும். கூடவே ஜிஜிஏ என்ற வரியும் இருந்தால் நல்லது. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

மாட்யூலில் முதல் சிக்கல் வோல்டேஜின் திசை. தரவு ஓடாத நேரத்தில் பிளஸ் கம்பி மைனஸ் கம்பியைவிடக் கீழே இருக்க வேண்டும் என்பது என்எம்இஏ விதி. மாட்யூலின் டிஎக்ஸ் (தரவை அனுப்பும்) பின்னோ அந்த நேரத்தில் 3.3 வோல்ட் மேலே நிற்கும். அதை நேராகச் செட்டின் பிளஸ்ஸில் கொடுத்தால் பிட்டுகள் எல்லாம் தலைகீழாகப் போகும், செட் ஒன்றையும் படிக்காது. மல்டிமீட்டரின் கருப்பு முனையை கிரவுண்டில் வைத்து டிஎக்ஸைத் தொட்டுப் பாருங்கள். பிளஸ் 3.3 காட்டினால் அது டிடிஎல் (சிப்புகளுக்கிடையிலான வோல்டேஜ் முறை), அதை ஆர்எஸ்-232ஆக மாற்ற நடுவில் ஒரு மேக்ஸ்3232 போர்டு வேண்டும். மைனஸ் 5 அல்லது 6 காட்டினால் அது ஆர்எஸ்-232, நேராகச் செட்டின் பிளஸ்ஸுக்கும், கிரவுண்டு மைனஸுக்கும் போகலாம். அதற்குப் பதில் மேக்ஸ்485 போர்டைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: சிப்பில் ஏ, பி என்று எழுதியிருப்பது என்எம்இஏவின் ஏ, பிக்கு நேரெதிர். சிப்பின் பி காலைச் செட்டின் பிளஸ்ஸில் கொடுங்கள். டிஇ (அனுப்ப அனுமதிக்கும்) காலை 5 வோல்ட்டில் கட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சிப் பேசவே பேசாது.

இரண்டாவது சிக்கல் வேகம். நியோ-6எம் 9600 பாடில் பேசும். மாட்யூலை அமைக்கும் யு-சென்டர் மென்பொருளில் 4800க்கு மாற்றி, செட்டுக்குத் தேவையில்லாத ஜிஎஸ்வி, ஜிஎஸ்ஏ, விடிஜி, ஜிஎல்எல் வரிகளை நிறுத்திச் சேமிக்கலாம். 4800 பாடில் ஒரு நொடிக்கு 480 எழுத்துகள்தான் போகும். பல செயற்கைக்கோள் தொகுதிகளைப் பிடிக்கும் நியோ-எம்8 போன்றவற்றில் செயற்கைக்கோள் பட்டியலைத் தரும் ஜிஎஸ்வி வரிகளே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும், ஆர்எம்சி அரைகுறையாக வரும்.

நம் ஊரில் ஆளைக் கவிழ்ப்பது இந்தச் சேமிப்புதான். மலிவு மாட்யூல்கள் பலவற்றில் அமைப்பு நிற்பது போர்டில் உள்ள பொட்டு அளவு பேட்டரியை நம்பித்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகின் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கும் அந்த நாள்களில் பொட்டு பேட்டரி தீர்ந்துபோகும். ஜூனில் சுவிட்சைப் போட்டால் மாட்யூல் பழையபடி 9600இல் பேசும். விளக்கு மினுக்கும், செயற்கைக்கோளும் பிடித்திருக்கும், செட்டில் மட்டும் இடம் வராது. ஏப்ரலில் வேலை செய்ததே என்று ஆன்டெனாவையும் வயரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு உறுதியான மருந்து நடுவில் ஒரு ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதிப் போடும் சின்ன போர்டு). சாஃப்ட்வேர் சீரியலில் 9600ஐ வாங்கி, ஆர்எம்சி, ஜிஜிஏ இரண்டை மட்டும் ஹார்ட்வேர் சீரியல் வழியாக 4800இல் மேக்ஸ்3232க்கு அனுப்பச் சொல்லுங்கள். மாட்யூல் எத்தனை முறை மறந்தாலும் செட்டுக்குக் கவலையில்லை. பழைய செட்டுகள் சில, ஜிஎன் என்று தொடங்கும் வரிகளை ஏற்காமல் ஜிபியை மட்டும் ஏற்கும். அந்த மாற்றத்தையும் நானோவிலேயே செய்யலாம். ஆனால் எழுத்தை மாற்றினால் வரிக் கடைசியில் உள்ள, பிழை சரிபார்க்கும் செக்சம்மையும் மறுபடி கணக்கிட வேண்டும். டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடைப்பட்ட எழுத்துகள் எல்லாவற்றின் எக்ஸ்ஓஆர்தான் (பிட்டுக்குப் பிட்டு செய்யும் கணக்கு) அது. தப்பினால் செட் சத்தமில்லாமல் வரியைத் தூக்கிப் போட்டுவிடும்.

மவுஸ் ஜிபிஎஸ்ஸில் இந்தப் பாடுகள் குறைவு. ஆர்எஸ்-232 வயரும் 4800 பாடும் உள்ளதா என்று பார்த்து வாங்கினால் இரண்டு கம்பி, பவர், அவ்வளவுதான். தண்ணீர் புகாத மூடியும் அதிலேயே இருக்கும். மாட்யூலுக்கோ பெட்டி, வயர் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்டு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், போர்டுக்கு லாக்கர் பூச்சு என்று எல்லாம் தனியாகச் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் விலை வித்தியாசம் பாதியாகக் கரைந்துவிடும். யுஎஸ்பி முனை உள்ள மவுஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு மறுபக்கம் கம்ப்யூட்டர் இருந்தாக வேண்டும்.

பிளாட்டர் வழிக்குச் செலவு கம்பிதான். அமைப்பில் என்எம்இஏ வெளியீட்டை 4800க்கு வைத்து, அதன் வெளியீட்டு ஜோடியைச் செட்டின் உள்ளீட்டு ஜோடியில் இணைக்க வேண்டும். கம்பி நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பிளாட்டரிலிருந்து இரண்டு மூன்று கருவிகள் தரவு எடுக்கலாம். ஆனால் பிளாட்டரையும் மாட்யூலையும் சேர்த்து முறுக்கி ஒரே செட்டில் கொடுத்தால் இரண்டின் தரவும் கெடும். குறை ஒன்றுதான்: பிளாட்டரை அணைத்தால் செட்டுக்கும் இடம் போய்விடும். அப்போது செட் எச்சரிக்கும். ஆனால் கடைசியாகக் கிடைத்த இடத்தை 23.5 மணி நேரம் வரை வைத்திருந்து, அதையே அனுப்பும். நேற்று மாலை துறைமுகத்தில் நின்ற இடத்தைப் பார்த்து இன்று தேட வருவார்கள்.

புதிதாகச் செட் வாங்குவதென்றால் ஜிபிஎஸ் உள்ளேயே இருப்பதை வாங்கலாம். ஃபைபர் படகின் கூரைக்குக் கீழே அது நன்றாகவே பிடிக்கும், இரும்பு வீல்ஹவுஸில் பிடிக்காது.

பவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 24 வோல்ட் படகில் 5 வோல்ட்டுக்குக் குறைக்க 7805 ரெகுலேட்டர் போட்டால் 50 மில்லிஆம்பியருக்கே கிட்டத்தட்ட ஒரு வாட் சூடு வரும், ஹீட் சிங்க் வேண்டும். மலிவு கார் சார்ஜரைப் போட்டால் அதன் இரைச்சல் விஎச்எஃப்பிலேயே கேட்கும். ஜிபிஎஸ்ஸை விஎச்எஃப் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டருக்காவது தள்ளி வையுங்கள். 157.4 மெகாஹெர்ட்ஸ் அருகே 25 வாட்டில் பேசும்போது அதன் பத்தாவது ஹார்மோனிக் (பத்து மடங்கு அலைவரிசை), ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸை ஒட்டி விழும்.

சோதிக்கச் சிவப்புப் பட்டனைத் தொட வேண்டாம். செட்டின் திரையில் வரும் இடத்தைப் போனோடு ஒப்பிட்டாலே போதும். சென்னை காசிமேட்டில் நின்றால் போன் 13.125 வடக்கு என்று காட்டும்போது செட் 13° 07.5' என்று காட்டும். இரண்டும் ஒன்றே: 0.125ஐ 60ஆல் பெருக்கினால் 7.5. எம்எம்எஸ்ஐ இந்தியாவுக்கான 419இல் தொடங்குகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அதை உள்ளிடச் செட்டுகள் பொதுவாக ஒன்றிரண்டு வாய்ப்புதான் தரும், எண் இல்லாமல் டிஎஸ்சி வேலை செய்யாது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும் முதல் நாள், ஐஸ் ஏற்றுவதற்கு முன் இந்த ஒப்பீட்டை மறுபடி ஒருமுறை செய்ய இரண்டு நிமிடம் போதும்.