பெண் மூத்த வரன்: கொங்கு தகவல் மையமும் செயலியும் எவ்வளவு உதவும்?

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் தன்னைவிட இரண்டு, மூன்று வயது இளைய மாப்பிள்ளைக்கும் சம்மதம் என்று பதிகிற பெண்ணுக்குத் திருமண தகவல் மையம், கைப்பேசிச் செயலி இரண்டுமே அரைகுறைதான். எது எங்கே தடுக்கிறது என்று தெரிந்தால் இரண்டிடமும் வேலை வாங்கலாம்.

செயலியில் சிக்கல் வயதுக் கட்டத்தில். பெண்ணின் வயதைப் பதிந்ததும் மாப்பிள்ளை வயது பெரும்பாலும் அதிலிருந்து மேல்நோக்கித்தான் நிரம்பும். 33 வயதுப் பெண் அதை 30–36 என்று திருத்தினால் மட்டும் போதாது. 30 வயது ஆணின் கட்டம் 24–30 என்று நின்றால் அவர் கண்ணில் இந்த வரன் படாது. ஆகவே தினமும் வரும் பரிந்துரைக்காகக் காத்திருக்காமல், நீங்களே தேடி விருப்பம் அனுப்புங்கள். குறிப்பின் முதல் வரியிலேயே ‘வயதில் இளையவரும் சம்மதம்’ என்று எழுதுங்கள். பழகிய சில நாளிலேயே பணம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கூட்டம் (குலப்பிரிவு), குலதெய்வம் விசாரிப்பதில் தகவல் மையத்துக்கு ஈடில்லை. ஒரே கூட்டம் என்றால் பங்காளி முறை, அங்கேயே தள்ளிவிடுவார்கள். ஆனால் “ரெண்டு வயசு கொறைச்சுப் போட்டுக்கலாங்க” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது. குரு ஏறத்தாழ வருடத்துக்கு ஒரு ராசி நகரும். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருடம் நிற்கும். பிறந்த வருடத்தை மாற்றினால் ஜாதகக் கட்டமே மாறும், ஜோசியர் பார்த்த உடனே பிடித்துவிடுவார். அதில் தப்பினாலும் திருமணப் பதிவுக்கு வயதுச் சான்று கொடுக்கும்போது வெளிப்படும். அப்போது கெடுவது வயது அல்ல, நம்பிக்கை.

பத்துப் பொருத்தமும் நட்சத்திரம், ராசியை வைத்துத்தான். யார் மூத்தவர் என்ற கேள்வி அதில் இல்லை. தசா சந்தியை, அதாவது இருவருக்கும் தசை மாறும் காலம் ஒட்டி வருகிறதா என்பதை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்வார்கள். சட்டத்திலும் தடை கிடையாது: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்தால் போதும்.

கசப்பான பக்கம் குழந்தை பற்றிய பேச்சு. 35-ஐ ஒட்டிக் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையத் தொடங்கும். கணவர் இளையவர் என்பது அதை ஈடுகட்டாது. ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை கருமுட்டை எண்ணிக்கையைக் காட்டும், தரத்தைக் காட்டாது. இதை நிச்சயத்துக்கு முன்பே இருவரும் பேசியாக வேண்டும். அடுத்தது உறவுமுறை. இணைச்சீர் என்ற கொங்குக் கல்யாணச் சடங்கில் சகோதரியாக நிற்கும் மாப்பிள்ளையின் அக்காவே மணப்பெண்ணைவிடச் சின்னவராக இருக்கலாம். வயதை வைத்து மரியாதை எதிர்பார்த்தால் முதல் தீபாவளிக்கே மனத்தாங்கல்தான். நல்லவேளை, வயது பார்க்காமல் எல்லோருக்கும் ‘ங்க’ போடும் ஊர் இது.

எங்கள் மதிப்பீட்டில் தகவல் மையத்துக்கே முதலிடம், ஒரு நிபந்தனையோடு. பணம் கட்டும் முன் கேளுங்கள்: மூத்த பெண்ணுக்குச் சம்மதித்த ஆண் ஜாதகம் இப்போது கையில் எத்தனை? சம்மதம் சொன்னது பையனா, வீட்டாரா? பையன் தன் அம்மாவிடம் சொல்லாத ஜாதகம் பெண் பார்க்கும் நாள்வரை வந்து, அங்கேயே நின்றுவிடும். அப்படிப்பட்டதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.