சின்ன எஞ்சின், பெரிய பிரீமியம்: வேகன் ஆர் காப்புறுதி அனுபவம்

"658 சீசீ கார்தானே, இன்சூரன்ஸ் ஏன் இவ்வளவு?" என் ஜப்பான் சுசுகி வேகன் ஆரைப் பற்றிக் காத்தான்குடி நண்பர் கேட்டதற்கான பதில் இது. நம் காரின் சேதத்தையும் ஏற்கும் முழுக் காப்புறுதியில் எஞ்சின் அளவுக்குப் பெரிய வேலையில்லை. காரின் பெறுமதியில் குறிப்பிட்ட வீதம்தான் கட்டணம். மாடல், உற்பத்தி ஆண்டு, ஹைபிரிட்டா இல்லையா என்பவை அந்த வீதத்தை ஏற்றி இறக்கும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றதும் பாவித்த கார்களின் விலை எகிறியது. பிரீமியமும் கூடவே ஏறியது.

கட்டணத்தைக் குறைக்கப் பழைய பெறுமதியையே எழுதிப் புதுப்பிக்கிறவர்கள் கவனியுங்கள். சந்தையில் 70 இலட்சம் போகும் காரை 42 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் அது 60 வீதம். குறைகாப்புறுதி நிபந்தனை (பெறுமதியைக் குறைத்து எழுதினால் இழப்பீடும் அதே அளவில் குறையும் என்பது) உள்ள பொலிசியில் 2 இலட்சம் சேதத்துக்கு 1 இலட்சத்து 20 ஆயிரத்திலிருந்துதான் பேச்சே தொடங்கும். எக்செஸும் (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) தேய்மானமும் அதிலிருந்து இன்னும் கழியும்.

எனக்குத் தீராத எரிச்சல் ஹெட்லைற்றில்தான். இரவில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் போனால் றோட்டில் மாடு படுத்திருக்கும். மெல்லத் தட்டினாலே லைற்றைப் பிடிக்கும் பிளாஸ்டிக் காது முறிந்துவிடும். கண்ணாடியில் கீறல்கூட இராது, ஆனால் லைற் ஆடும், வெளிச்சம் மேலே அடிக்கும். காப்புறுதிக் கம்பனிக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் அசெசர் "ஒட்டலாம்" என்பார். ஒட்டிய காது குலுக்கலில் மறுபடி விடும். முழு லைற்றையும் மாற்றும்படி கராஜ் எஸ்டிமேற்றில் எழுதுவியுங்கள்; புதியதா, பாவித்ததா என்பதும் அதில் இருக்கட்டும். சேசிஸ் இலக்கத்தின் தொடக்கமான எம்எச்55எஸ் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். இந்திய வேகன் ஆருக்கும் இதே பெயர், ஆனால் அதன் லைற்றும் பம்பரும் இதற்குப் பொருந்தாது. மலிவான இந்திய விலையில் மதிப்பிட்டுவிட்டால் மிச்சக் காசு உங்கள் தலையில்.

அடுத்தது மழை. இந்தக் காரின் ஹைபிரிட் லித்தியம் பற்றரி முன் இடப்பக்கச் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. மார்கழி வெள்ளம் காருக்குள் ஏறினால் முதலில் நனையும் சாமான்களில் அதுவும் ஒன்று. ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். எஞ்சின் தண்ணீரை இழுத்துக் கொனெக்டிங் றொட் வளைந்தால், அது வெள்ளச் சேதமா உங்கள் கவனயீனமா என்ற வழக்கு தொடங்கும். தண்ணீர் நின்ற மட்டம் தெரியப் படமெடுங்கள், கம்பனிக்கு அழையுங்கள், பிறகு கட்டி இழுங்கள். வெள்ளம் பொலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்னரே பாருங்கள். பற்றரி தானாக வயதாகிச் செத்தால் வழமையான பொலிசி தராது.

இவ்வளவு குறை சொன்னாலும் நகரத்து ஒழுங்கைகளுக்கும் பெற்றோல் செலவுக்கும் இதைவிட நல்ல காரை நான் பார்க்கவில்லை, விற்கவும் மாட்டேன். பிரீமியம் கூடிவிட்டதென்று மற்றவர்களுக்கு ஆகும் சேதத்தை மட்டும் ஏற்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு மாறவும் மாட்டேன். மாடு குறுக்கே வந்தால் அதில் உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது.