தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு: வண்டியைப் பொம்மசந்திராவோடு நிறுத்துங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்த கையோடு கூட்டாளிகள் ஆறேழு பேர் சேர்ந்து பெங்களூரு சுற்றிவிட்டு வருவது நம் பக்கத்தில் ரொம்ப நாளாக உள்ள வழக்கம். சென்னையைவிடக் கர்நாடகத் தலைநகரம்தான் நமக்குப் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து சுமார் 135. ஆனால் இன்னமும் பலர் பழைய மாதிரியே வேன் பிடித்து விதான சௌதா (கர்நாடகச் சட்டமன்றக் கட்டடம்) வாசல் வரை போகப் பார்க்கிறார்கள். பாதி நாள் சில்க் போர்டு சந்திப்பிலும், வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும் போய்விடுகிறது.

2025 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு அதற்கு அவசியமே இல்லை. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் அன்றைக்குத்தான் திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ., 16 நிலையங்கள். பொம்மசந்திரா நம் ஓசூர் நெடுஞ்சாலை மேலேயே, அத்திப்பள்ளியும் சந்தாபுராவும் தாண்டியதும் வருகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு நகரத்தின் வாசல் இனி அதுதான். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு எல்லாவற்றையும் தலைக்கு மேலே தாண்டி, கடைசி நிலையத்துக்குச் சுமார் 35 நிமிடத்தில் போய்விடலாம். கீழே ரோட்டில் அதே தூரம் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பொம்மசந்திரா வரைக்கும் எப்படிப் போவது? கிருஷ்ணகிரியிலிருந்து என்றால் பேருந்துதான். மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு இன்று ரயில் கிடையாது. பெங்களூரு பேருந்தில் ஏறும்போதே "பொம்மசந்திரா மெட்ரோவில் நிற்குமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். சில வண்டிகள் சர்வீஸ் ரோட்டில் இறங்காமல் நேரே மேம்பாலம் ஏறிவிடும். அப்புறம் திரும்பி வர ஆட்டோ தேட வேண்டியதுதான். நிற்காது என்றால் ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து அடுத்த வண்டி பிடிப்பது நிச்சயமான வழி.

தர்மபுரிக்காரர்களுக்கு ரயில் உண்டு. ஆனால் ஒரு நாள் பயணத்துக்கு அதை நம்பிப் புறப்பட வேண்டாம். கோயம்புத்தூர் வந்தே பாரத் தர்மபுரியிலும் ஓசூரிலும் நிற்கிறது, இருக்கையும் வசதிதான். ஆனால் அது பெங்களூரு கன்டோன்மென்ட் போய்ச் சேர்வது மதியம், கிளம்பித் திரும்புவதும் மதியமே. இரவு தங்குகிறவர்களுக்குத்தான் அது உதவும். மற்ற ரயில்களுக்கு இன்னொரு சிக்கல்: ஓமலூரிலிருந்து ஓசூர் வரை ஒற்றைத் தடம். எதிரே ஒரு வண்டி வந்தால் ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ கிராசிங்குக்கு நிறுத்திவிடுவார்கள்.

வயசானவர்களோ குழந்தைகளோ கூட வருகிறார்கள், வேன்தான் வேண்டும் என்றால், வாடகை பேசும்போது சில விஷயங்களை வாயால் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் கிலோமீட்டர் ரேட்டில் இல்லை, அதைச் சுற்றியுள்ள நிபந்தனைகளில். கணக்கு வேன்காரரின் ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஷெட் சேரும் வரை ஓடும். உங்கள் வீட்டு வாசலில் மீட்டர் தொடங்காது. நாளொன்றுக்குக் குறைந்தது 250 அல்லது 300 கி.மீ. என்று வைப்பார்கள். தர்மபுரியிலிருந்து போய்வந்து ஊருக்குள்ளும் சுற்றினால் 300-ஐத் தாண்டிவிடும். நாள் என்பது 24 மணி நேரமா, இரவு 12 மணிக்கு முடிகிற நாளா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். காலை 4 மணிக்குக் கிளம்பி நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தால், இரண்டாவது வகையில் இரண்டு நாள் வாடகை விழும். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனி.

அதைவிட முக்கியம் பர்மிட். மஞ்சள் போர்டு வண்டிக்கு அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருந்தால் கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் பர்மிட் உள்ள வண்டி என்றால் சிறப்பு அனுமதியும் கர்நாடக வரியும் முன்னாலேயே ஆன்லைனில் கட்டி, ரசீது கையில் இருக்க வேண்டும். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்ணா" என்று சொன்னால் வேறு வண்டி பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்பார்கள், வேண்டவே வேண்டாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். ஆறு குடும்பத்துப் பிள்ளைகள் அந்த வண்டிக்குள் இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று கிருஷ்ணகிரி டோலுக்கு முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 15-இல் வந்த விதியில், ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால் யுபிஐ-யில் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாக என்றால் இரண்டு மடங்கு என்று வைத்தார்கள். தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகவும் ஓசூர் போகலாம். கிருஷ்ணகிரியைச் சுற்ற வேண்டியதில்லை. வேனில் போனாலும் ஓசூரில் பணம் கட்டி நிறுத்திவிட்டு அங்கிருந்து மெட்ரோவுக்குப் போவதே நல்லது.

இனி மெட்ரோ. 2025 பிப்ரவரி 9-இல் கட்டணம் மாறியபோது ₹10 முதல் ₹90 வரை என்று ஆனது. மஞ்சள் தடம் திறந்தபோது பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை ₹60. கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரு வசதி: கைப்பேசியில் எடுக்கும் கியூஆர் டிக்கெட்டில் ஒரே கியூஆருக்கு ஆறு பேர் வரை சேர்க்கலாம். தடுமாறுவதும் அதில்தான். ஆறு பேருக்கு எடுத்த கியூஆரை, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஆளுக்கு ஒரு தரம் வீதம் ஆறு தரம் காட்ட வேண்டும். கைப்பேசி வைத்திருப்பவர் முதலில் காட்டிவிட்டு அவரே உள்ளே போய்விட்டால், கதவு மூடிக்கொள்ளும், மற்ற ஐந்து பேரும் வெளியே நிற்பார்கள். அவர் கடைசி ஆளாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரையும் கதவுக்கு நேரே நிறுத்தி, அவர் ஒரு கையால் ரீடரில் காட்ட, ஆள் உள்ளே போய்க் கதவு மூடிய பிறகு அடுத்தவருக்குக் காட்ட வேண்டும். இரண்டு பேர் ஒட்டி ஒட்டி நுழைந்தால் எண்ணிக்கை குழம்பி, வெளியே வரும்போது ஒருவருக்குக் கதவு திறக்காது. திரைவெளிச்சத்தை முழுதாக ஏற்றிவையுங்கள், சார்ஜ் உள்ள கைப்பேசியிலேயே டிக்கெட் எடுங்கள். அது அணைந்தால் ஆறு பேரும் மாட்டிக்கொள்வார்கள். யாருக்காவது காத்திருப்பது என்றால் கேட்டுக்கு வெளியே காத்திருங்கள். உள்ளே இருப்பதற்கு நேர வரம்பு உண்டு, தாண்டினால் அபராதம். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலே காலை 7 மணிக்குத்தான் என்பதால் விடியற்காலையில் போய் நிற்பதில் பயன் இல்லை.

ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிலையம் லால்பாக். அன்றைய சுற்றலை அங்கே தொடங்குங்கள், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டிய இடம் அது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர். உள்ளே 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை இருக்கிறது. பெரும்பாலானோர் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்துக்குள்ளேயே உள்ள பாறையை விட்டுவிடாதீர்கள். 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறை, தேசியப் புவியியல் சின்னம், மேலே பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் கோபுரம். கிருஷ்ணகிரி மலையையும் ராயக்கோட்டை மலையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாறை மேல் காலை வைத்ததுமே ஊர் ஞாபகம் வரும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். அப்போது போனால் லால்பாக்குக்கே ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

அடுத்து அதே தடத்தில் கே.ஆர். மார்க்கெட். இறங்கிச் சற்று நடந்தால் 1791-இல் கட்டி முடித்த திப்புவின் கோடை அரண்மனை, தேக்குத் தூண்களும் வளைவுகளும் கொண்டது. சின்ன இடம், அரை மணி நேரம் போதும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். தொல்லியல் துறையின் இந்த வகைச் சின்னங்களில் இந்தியருக்கு ₹25, வெளிநாட்டவருக்கு ₹300. ஆன்லைனில் எடுத்தால் ₹20-ம் ₹250-ம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ளவர்களுக்கு இந்தியர் கட்டணம்தான், ஆனால் அசல் அட்டை கையில் வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டில் வருகிற நம் நண்பர்களுக்கும் இந்தியர் கட்டணமே, சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளுக்கு அந்தச் சலுகை உண்டு. கவுன்டரில் அதை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

பச்சைத் தடமும் ஊதாத் தடமும் சேரும் மெஜஸ்டிக் நிலையத்தில் ஊதாத் தடத்துக்கு மாறி இரண்டாவது நிலையம் விதான சௌதா. கெங்கல் ஹனுமந்தய்யா முதல்வராக இருந்தபோது எழுப்பியது, 1956-இல் முடிந்தது. உள்ளே போக முடியாது என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 2025 ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் வழிகாட்டியோடு சுற்றிக்காட்டுகிறார்கள். தொடங்கியபோது பெரியவர்களுக்கு ₹50, ஆன்லைனில் முன்பதிவு. இந்த ஒன்றுக்காகவே பயணத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்பேன். படம் ஒட்டிய அசல் அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். எதிரே உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம், அதன் பின்னால் கப்பன் பார்க். ஞாயிறன்று பார்க்குக்குள் வண்டிகளை விடுவதில்லை, நிம்மதியாக நடக்கலாம். மழை வந்தால் கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

நேரம் இருந்தால் அதே ஊதாத் தடத்தில் அல்சூர் வரை போய், ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1991-இல் வந்த சிலை 18 ஆண்டு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-இல்தான் திறக்கப்பட்டது. அதற்குப் பதிலாக நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். இரண்டு மாநிலத்துக்கும் எல்லையில் வாழ்கிற நமக்கு இந்தச் சிலை தனி விஷயம்.

மெட்ரோ போகாத இடத்துக்கு ஆட்டோ. 2025 ஆகஸ்ட் 1-இலிருந்து, முதல் 2 கி.மீ.க்கு ₹36, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ₹18. இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. மீட்டர் போட மறுப்பது சாதாரணம், பேரம் பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும். பெரும்பாலான டிரைவர்களுக்குத் தமிழ் வரும். ஆனாலும் "எஷ்டு?" (எவ்வளவு?) "எல்லி?" (எங்கே?) என்று இரண்டு வார்த்தை கன்னடத்தில் தொடங்கினால் பேச்சே வேறு மாதிரி போகும். நகரப் பேருந்து விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும். அங்கே பெண்களுக்கு இலவசப் பயணம் என்பது கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் செல்லாது, டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்தால் செக்கிங்கில் அபராதம்.

பணம் செலுத்துவதுதான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய தலைவலி. டிபன் கடை, பூக்கடை, ஆட்டோ எல்லாம் யுபிஐ அல்லது ரொக்கம், வெளிநாட்டு கார்டு அங்கே எடுபடாது. வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், கத்தார், ஓமன், சவூதி, இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே யுபிஐ தொடங்கலாம். உங்கள் வங்கி அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று புறப்படும் முன் அங்கேயே சோதித்துப் பாருங்கள். எண்ணைச் சரிபார்க்க அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ரோமிங்கில் அது சிக்கிக்கொண்டால் ஊரில் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் உள்ளூர் சிம் வாங்குவதாக இருந்தால் விமான நிலையத்திலேயே முடித்துவிடுங்கள். நம் ஊர்ச் சின்னக் கடைகளில் ஆதார் இல்லாமல் சிம் வாங்குவது கஷ்டம். எதற்கும் ஆளுக்கு ஆயிரம் ரூபாயாவது ஐம்பதும் நூறுமாக வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்கு லால்பாக் பக்கம் எம்டிஆர், 1924-இலிருந்து இருக்கிறது, ரவா இட்லிக்குப் பேர் போனது. ஞாயிறு காலையில் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டிவரும். காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் தோசை, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆறு பேருக்கு ஒரே மேசை கேட்டால் இரண்டு மடங்கு நேரம் ஆகும், மூன்று மூன்றாகப் பிரிந்து உட்காருங்கள்.

திரும்பும்போது மெஜஸ்டிக் போய்ப் பேருந்து பிடிக்க வேண்டாம். மெட்ரோவிலேயே பொம்மசந்திரா வந்து ஏறுங்கள். வெள்ளி மாலையும் பண்டிகைக்கு முந்தின நாளும் பெங்களூரிலிருந்து வெளியே போகிற கூட்டம், அங்கே வந்து சேரும் வண்டிகளில் நிற்கவும் இடம் இருக்காது. ஞாயிறு மாலை நேர் எதிர். எல்லோரும் நகரத்துக்குத் திரும்புகிற நேரம் என்பதால் நாம் போகிற திசையில் கூட்டம் குறைவு. விதான சௌதாவில் ஞாயிறு மாலை விளக்கு போடுவதைப் பார்த்துவிட்டு ஏழு, ஏழரைக்குள் மெட்ரோ ஏறினால் ஒன்பது மணி வாக்கில் பொம்மசந்திரா. நேர் வண்டிக்காக நிற்காமல் ஓசூருக்கு எது முதலில் வருகிறதோ அதில் ஏறி, அங்கே கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வண்டிகளில் எது நிற்கிறதோ அதற்கு மாறிக்கொள்ளுங்கள். சேலம் வண்டியில் ஏறும்போது "தர்மபுரி ஊருக்குள் போகுமா, பைபாஸா?" என்று கேளுங்கள். பைபாஸில் இறக்கிவிட்டால் அந்த நேரத்தில் ஆட்டோ அரிது, வீட்டிலிருந்து யாராவது பைக் எடுத்து வர வேண்டியிருக்கும்.