ஊசி ஈக்கு வாசனைப் பொறியா, வலையா, குளவியா?

வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கம் மாந்தோப்புக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான் இருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் மாமரத்தில் டப்பா தொங்குகிறது. உள்ளே பழ ஈ செத்துக் குவிந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர் அதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம ஊசி ஈக்கும் இப்படி ஒண்ணு இருந்தா என்ன?’ என்று கேட்கிறார். ஊசி ஈ பட்டுப்புழுவின் மேல் முட்டை வைக்கும், பொரிந்து வருகிற ஈயின் புழு உள்ளே போய் அதைத் தின்னும். நியாயமான கேள்வி. ஆனால் அந்த டப்பா வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால், ஊசி ஈக்கு அப்படி ஒன்று வந்தாலும் நான் முதல் காசை அதில் போட மாட்டேன்.

மாம்பழ ஈ டப்பாவில் இருப்பது மெத்தில் யூஜினால். துளசியிலும் இருக்கிற பொருள்தான். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹௌலெட், சிட்ரோனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈ வருவதை 1912இல் எழுதினார். 1915இல் அந்த ஈர்ப்புக்குக் காரணம் மெத்தில் யூஜினால் என்று காட்டினார். பெண் ஈ விடுகிற மணம் இதுவல்ல. ஆண் ஈ இதைத் தின்று, உடம்புக்குள் மாற்றி, தன் சொந்த வாசனையாக்கிக்கொள்கிறது. பிறகு அந்தி நேரத்தில் இறக்கையை அடித்து அந்த மணத்தைப் பரப்பிப் பெண்ணை அழைக்கிறது. அதனால் டப்பாவில் விழுவது அநேகமாக எல்லாமே ஆண்தான். தப்பிக்கிற சில ஆண்களே பல பெண்களோடு இணைசேர்ந்துவிடும் என்பதால், ஒரு தோப்பில் மட்டும் நாலு டப்பா கட்டினால் பெரிய பலன் வராது. பசிபிக் கடலில் உள்ள ரோட்டா தீவில் 1960களில் இதே மருந்தை வைத்து இந்த ஈயை அடியோடு ஒழித்தார்கள். அது தீவு, வெளியிலிருந்து ஈ வர வழியில்லை. நம் ஊரில் பக்கத்துத் தோப்பில் கருவுற்ற பெண் நேராகப் பறந்து வந்து நம் மல்கோவாவில் முட்டை வைத்துவிட்டுப் போகும். ஊரே சேர்ந்து கட்டினால்தான் டப்பாவுக்கு மரியாதை.

ஏற்காட்டில் அராபிகா காபி வைத்திருப்பவர்கள் கதை இதற்கு நேர் எதிர். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டில் மணம் விடுவது ஆண், தேடி வருவது பெண். முட்டை வைக்க வேண்டியவளே பொறியில் மாட்டுவதால் வாசனைப் பொறிகளில் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனாலும் நிழல் குறைந்த தோட்டத்தைப் பொறி மட்டும் காப்பாற்றிவிடாது.

இனி ஊசி ஈ. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்திலேயே முதன்முதலில் வேதியியல் முறையில் அடையாளம் கண்ட பாலின மணமே பட்டு அந்துப்பூச்சியுடையதுதான். 1959இல் ஜெர்மனியின் பூட்டனான்ட் ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பியிலிருந்து பாம்பிகாலைப் பிரித்தெடுத்தார். அந்தப் பூச்சியைத் தின்று வாழ்கிற ஈக்கு மட்டும் அப்படி ஒரு பொறி கடைக்கு வரவில்லை. அந்துப்பூச்சிகளில் பெண் ஓரிடத்தில் உட்கார்ந்து காற்றில் மணம் விட, ஆண் வெகுதூரத்திலிருந்து வருகிறது. பல ஈ இனங்களில் வேலை கிட்டத்தில்தான் நடக்கிறது. ஆப்பிரிக்க செட்சீ ஈயில் ஆண், பெண்ணின் மேல்தோல் மெழுகைத் தொட்ட பிறகுதான் இன்னாரென்று அறிகிறது. வீட்டு ஈயிடம் 1971இல் கண்டுபிடித்த மணமும் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும். இப்படிப்பட்டதை டப்பாவில் வைத்துத் தோட்டம் முழுக்கக் கூப்பிட முடியாது. அப்புறம், வளர்ப்பு மனைக்குள் நுழைகிற ஊசி ஈ துணை தேடி வருவதில்லை, புழுவின் வாசனைக்கு, முட்டை வைக்க வருகிறாள்.

மலட்டு ஆண்களை விடுவது இன்னொரு வழி, அவற்றோடு சேர்ந்த பெண்ணின் முட்டை பொரியாது. கால்நடைப் புண்ணில் முட்டையிடும் திருகுப்புழு ஈயை 1954இல் கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவில் அப்படித்தான் ஒழித்தார்கள். அந்த ஈயில் பெண் பொதுவாக ஒருமுறைதான் இணைசேரும், அது பெரிய சாதகம். அதற்கு இறைச்சிக் கலவையில் லட்சக்கணக்கில் ஈ வளர்க்கலாம். ஊசி ஈயை அந்த அளவில் பெருக்க உயிருள்ள புழுவைத்தான் தீனியாகக் கொட்ட வேண்டும். நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆக, மிச்சம் இருப்பவை வலை, மாத்திரை, குளவி, தெளிப்பு. ஜன்னலுக்கும் கதவுக்கும் நைலான் வலை, வாசலில் ஒரு முன்னறை: இது கொசுவலை மாதிரிதான், ஓட்டை இருந்தால் வீண். சரியாக அடித்தால் இதற்கு ஈடு வேறொன்றும் இல்லை. ஊசி ஈயை ஈர்க்கிற ஊசிப்பொறி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தட்டில் ஜன்னலோரம் உள்ளேயும் வெளியேயும் வைத்தால் ஈ விழுந்து சாகும். எத்தனை விழுகிறது என்பதை வைத்து வலையின் லட்சணத்தையும் கண்டுபிடிக்கலாம். முட்டையைக் கொல்லும் தெளிப்பு கடைசி. இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து ஈயின் புழு பட்டுப்புழுவுக்குள் போய்விடும், அதற்குப் பிறகு எதைத் தெளித்தும் பயனில்லை. பட்டுப்புழுவின் தோலில் கரும்புள்ளி தெரிந்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

வலைக்கு அடுத்து என் ஓட்டு நெசோலின்க்ஸ் தைமஸ் என்கிற சின்னக் குளவிக்கு. பட்டுப்புழுவை அது தொடாது. ஊசி ஈயின் கூட்டுப்புழுவைத் தேடித் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். ஒரு கூட்டுப்புழுவிலிருந்து பல குளவிகள் வரும். பட்டுப்புழுவின் கடைசியான ஐந்தாம் பருவத்தில் மனைக்குள் குளவிப் பையைத் தொங்கவிட்டு, பிறகு புழு கூடு கட்டுகிற சந்திரிகைத் தட்டுப் பக்கம் மாற்றி, அறுவடை முடிந்ததும் குப்பைக்குழியருகே வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டுக்கூட்டைத் துளைத்து வெளியே வந்த ஈயின் புழு மண்ணிலும் தரை வெடிப்பிலும்தான் கூட்டுப்புழுவாகிறது, அடுத்த பயிருக்கான ஈ அங்கிருந்துதான் கிளம்பும். துளைபட்ட கூட்டில் நூல் இழுக்க முடியாது என்பதால் நஷ்டம் அங்காடியில்தான் கண்ணில் படும்.

அந்த மாந்தோப்பு டப்பாவை ஆசைப்பட்டு வளர்ப்பு மனைப் பக்கம் கொண்டுவந்து தொங்கவிடாதீர்கள். ஊசி ஈ அதற்கு வராது என்பது ஒரு பக்கம். டப்பாவுக்குள் இருக்கிற பலகைத்துண்டை எத்தனால், மெத்தில் யூஜினாலோடு மாலத்தியான் போன்ற பூச்சிமருந்திலும் ஊறவைத்திருப்பார்கள். பட்டுப்புழு பூச்சிமருந்தைக் கொஞ்சமும் தாங்காது. தோப்புக்காரர் மருந்தடிக்கிற நாளையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, வரப்போரத்து மல்பெரி இலையைப் பல நாள் தொடாமல் விடுங்கள்.