சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்: செக்டிஸ்க்கா, டிடிரெஸ்க்யூவா, லேபா?

ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் நிறையப் பேர் முதலில் ஓட்டுவது விண்டோஸோடு வரும் பிழைதிருத்தும் கருவியான செக்டிஸ்க். விண்டோஸே அதைத்தான் பரிந்துரைக்கிறது, விஷயம் தெரிந்த நண்பரும் அதைத்தான் சொல்வார். உள்ளே இருக்கும் டேட்டா உங்களுக்கு வேண்டும் என்றால் தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எந்தக் கோளாறுக்கு எது சரி, எது நிலைமையை இன்னும் மோசமாக்கும் என்று பார்க்கலாம். நான் பேசுவது சுழலும் தட்டுகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி மட்டும்தான். எஸ்எஸ்டி சாகும் விதமே வேறு.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால், படிக்கும் ஹெட் போய்விட்டது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். லேப்டாப் டிஸ்க் தட்டு சுற்றாமல் மெல்லிய பீப் ஒலி மட்டும் எழுப்பினால், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டாரைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் எந்த சாஃப்ட்வேரும் உதவாது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கும் லேப் பற்றி கீழே எழுதியிருப்பதற்குப் போங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்" என்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. கெட்டுப்போன ஹெட் தட்டின் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டால் அங்கே இருந்த டேட்டாவை யாராலும் திருப்பித் தர முடியாது.

சத்தம் எதுவும் இல்லை, ஆனால் ஃபோல்டர் திறக்க யுகமாகிறது, நடுவில் சிஸ்டம் அப்படியே உறைந்து நிற்கிறது என்றால் ஸ்மார்ட் அளவீடுகளை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றிக் குறித்துவைக்கும் எண்களைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல். இரண்டும் டிஸ்க் தானே எழுதிவைத்திருக்கும் ஒரே பட்டியலைத்தான் படிக்கின்றன. முதலாவது நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் காட்டுவதால் புரிந்துகொள்வது சுலபம், ஆனால் மூல எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும், அமைப்பில் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 16 என்ற எண்ணை 10 என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். இரண்டாவது டிஸ்க்கின் பிழைக் குறிப்பேட்டையும் காட்டும், சுயபரிசோதனையும் ஓட்டும். அதில் நீண்ட பரிசோதனையை மட்டும் இப்போது தொடாதீர்கள், அது தட்டு முழுவதையும் படிக்க முயலும். டிஸ்க்கிடம் மிச்சம் இருக்கும் உயிரைப் பரிசோதனையில் செலவழிக்கவா போகிறோம்?

பார்க்க வேண்டிய எண்கள் சிலதான். 5 என்பது ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டார்கள் (டேட்டா எழுதப்படும் சிறு துண்டு இடங்கள்). 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 என்று தெரியும். 198 என்பது டிஸ்க் தானாகச் சோதித்தபோதும் படிக்க முடியாதவை. இவற்றில் 197 ஏறிக்கொண்டே போனால் இன்றைக்கே நகல் எடுங்கள். 199 என்பது கேபிள் வழியே டேட்டா போகும்போது வரும் பிழைகள், அது மட்டும் ஏறி மற்றவை பூஜ்ஜியமாக இருந்தால் டிஸ்க்கை விட்டுவிட்டுக் கேபிளைச் சந்தேகியுங்கள், சாட்டா கேபிளை மாற்றினாலே சரியாகிவிட வாய்ப்புண்டு. சரி, எல்லாம் பூஜ்ஜியம் என்றால் டிஸ்க் நலமா? அப்படி நம்ப முடியாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007ல் தங்கள் டேட்டா சென்டர் டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவீடுகளில் எந்த அறிகுறியும் காட்டவில்லை. அதே ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாததைவிட 39 மடங்கு. அதாவது ஸ்மார்ட் கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள், நல்ல செய்தி சொன்னால் முழுதாக நம்பாதீர்கள்.

இப்போது முக்கியப் போட்டிக்கு வருவோம். செக்டிஸ்க் எதற்காக எழுதப்பட்டது என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவருவது, உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுவது அல்ல. அந்தக் கணக்கில் ஒரு பதிவு படிக்க முடியாமல் முரண்பட்டால் அது அந்தப் பதிவை நீக்கிவிடும், அனாதையான துண்டுகளை ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் கொண்டுபோய்க் குவிக்கும். பேட் செக்டார் தேடச் சொன்னால் இன்னும் மோசம்: முழு டிஸ்க்கையும் படிக்கும், கெட்ட இடங்களில் மல்லுக்கட்டும், இதற்கிடையே அதே நோயாளி டிஸ்க்கில் எழுதவும் செய்யும். மின்சாரம் திடீரென்று போனதால் ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருக்கும் நல்ல டிஸ்க்குக்கு அது அருமையான கருவி. தட்டிலோ ஹெட்டிலோ கோளாறு உள்ள டிஸ்க்குக்கு அல்ல.

ஸ்பின்ரைட்டும் கெட்ட செக்டார்களோடு அந்த இடத்திலேயே போராடும் வகைதான். ஸ்டீவ் கிப்சன் எழுதியது, 89 டாலர், நீண்ட காலமாக விசுவாசிகள் உண்டு. ஆனால் டேட்டாவைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில், வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்காமல் அதே டிஸ்க்கில் உழைக்கும் எந்த முறையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிடிரெஸ்க்யூ நேர் எதிர். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய இலவச க்னூ மென்பொருள் இது. மூல டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதாது. முதலில் சுலபமாகப் படிக்க வருவதையெல்லாம் பெரிய துண்டுகளாக அள்ளிக்கொள்ளும், பிழை வந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிக் குதித்துப் போய்விடும், பிறகு திரும்பி வந்து ஓரங்களைச் செதுக்கும், கடைசியில்தான் மிச்சத்தைச் செக்டார் செக்டாராகச் சுரண்டும். கருகிய பாத்திரத்தில் நல்ல சோற்றை முதலில் மேலாக எடுத்துவிட்டு அடியைப் பிறகு சுரண்டுவதுபோல. எதைப் படித்தோம், எது பாக்கி என்று மேப் ஃபைல் ஒன்றில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் டிஸ்க் சூடாகித் துண்டித்துக்கொண்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைல் கொடுக்காமல் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முதல் சுற்றைச் சுரண்டல் இல்லாமல் ஓட்டுங்கள், அதற்கென்றே ஆப்ஷன் உண்டு. பிறகு மூன்று முறை மறுமுயற்சி போதும். ஆரோக்கியமான 1 டிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நோயாளி டிஸ்க் நாள்கணக்கில் இழுக்கலாம், பொறுமை வேண்டும்.

இதன் சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். உபுண்டு போன்ற ஒரு லைவ் யூஎஸ்பி (கம்ப்யூட்டரை நேரடியாக இயக்கும் பென் டிரைவ்) வேண்டும், கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும், மூலத்தைவிடப் பெரிய நல்ல டிஸ்க் ஒன்று கையில் இருக்க வேண்டும். இமேஜாக, அதாவது டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாகச் சேமிக்கப்போகிறீர்கள் என்றால் அந்த டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக்கூடாது, 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் அதில் ஏறாது. எல்லாவற்றையும்விட, மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்ல டேட்டாவின் மேல் வெற்றிடத்தை எழுதிவிடுவீர்கள். டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள். லைவ் சிஸ்டம் அந்த டிஸ்க்கைத் தானாக மவுன்ட் செய்து (திறந்து) வைத்திருந்தால் அதை அன்மவுன்ட் செய்துவிடுங்கள்.

விண்டோஸிலேயே இழுத்துப் போட்டு காப்பி செய்தால் ஆகாதா? 197ல் ஒற்றை இலக்கம்தான், வேண்டியது ஒரு ஃபோல்டர் புகைப்படம் மட்டும்தான் என்றால் ஆகும், அந்தச் சூழலில் அதுதான் வேகமும்கூட. முக்கியமானதை முதலில் எடுங்கள், சினிமாக்கள் பிறகு. விண்டோஸின் கட்டளைவழி காப்பி கருவியான ரோபோகாப்பி பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: இயல்பாக அது தோற்ற ஃபைலைப் பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறையும் 30 நொடி காத்திருந்து, மீண்டும் முயலும். மறுமுயற்சியையும் காத்திருப்பையும் பூஜ்ஜியமாக்கிவிட்டு ஓட்டுங்கள். ஃபோல்டர் பட்டியலே தட்டுத்தடுமாறி வந்தால் இந்த வழியைக் கைவிட்டு டிடிரெஸ்க்யூவுக்குப் போங்கள்.

இமேஜ் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் எல்லாமே நிதானமாகச் செய்யலாம். பார்ட்டிஷன் காணாமல் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க். அதன் கூட்டாளியான ஃபோட்டோரெக் ஃபைல்களின் உள்ளமைப்பை வைத்துத் தேடி எடுக்கும், ஆனால் பெயர்களும் ஃபோல்டர்களும் போய்விடும், ஆயிரக்கணக்கான பெயரற்ற படங்களோடு உட்கார வேண்டும். ஆர்-ஸ்டுடியோ போன்ற கட்டண மென்பொருள்கள் பெயரையும் ஃபோல்டர் அமைப்பையும் மீட்பதில் கெட்டி. இமேஜுக்கு இன்னொரு நகல் எடுத்துவைத்திருந்தால் அந்த நகலின் மேல் செக்டிஸ்க்கைக்கூடத் தாராளமாக ஓட்டிப் பார்க்கலாம்.

லேப் செலவு அதிகம், அதை மறைக்க முடியாது. ஆனால் டக் டக் சத்தம், பீப், கீழே விழுந்த டிஸ்க் ஆகியவற்றுக்கு வேறு வழி கிடையாது. ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்ற பழைய யோசனையை நம்பாதீர்கள், வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும். வீட்டில் மூடியைத் திறப்பதும் அப்படித்தான். ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, அந்த இடைவெளியில் ஒரு தூசி என்பது மலை. அதே மாடலின் சர்க்யூட் போர்டை வாங்கி மாற்றுவதும் மிகப் பழைய டிஸ்க்குகளில்தான் எடுபட்டது. இப்போதைய போர்டுகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் ரோம் சிப்பில் இருக்கும், அதைப் பெயர்த்து மாற்றாமல் பயனில்லை. யூஎஸ்பி வெளிப்புற டிஸ்க் சிலவற்றில் போர்டே எல்லாவற்றையும் குறியாக்கம் செய்துதான் எழுதும், எனவே அந்தப் போர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

லேபுக்குக் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: தூசியற்ற அறையிலா மேசையிலா திறப்பீர்கள், டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்டணம், பணம் கட்டும் முன் மீண்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவீர்களா. மழுப்பினால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், செக்டிஸ்க் ஓடியிருந்தால் அதையும் சேர்த்து. அவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.